மேல்மாடி ஹால்

மார்ச் 3, செவ்வாய்

செல்லத் தம்பிக்கு,

இந்த மூடிக்கிடக்கிற நூல் மில்லுல போன் சிக்னல் சுத்தமா இல்லைடா. அதான் டிரைவர் அண்ணன்கிட்ட கடிதமும் போட்டோ இருக்கிற மெமரி கார்டும் கொடுத்து விடுறேன். உன் முதல் பாட்டு வீடியோவுக்கு இடம் கிடைச்சாச்சு! மேல்மாடி ஹால்ல காலை வெயில் வரிசையா ஜன்னல் வழியா விழுது, கண்ணை எடுக்க முடியலை. நாற்பது பேர் தாராளமா ஆடலாம். கேமரா நிக்கிற இடத்துல தரையில டேப் ஒட்டிட்டேன். அங்க இருந்த சின்ன விரிசலும் அதுல மறைஞ்சுது, ஷாட்ல தெரியாது.

வாட்ச்மேன் மட்டும் மேலே வரமாட்டேங்கிறார். முழங்கால் வலியாம். ஆனா கீழேயும் நடுவுல நடக்காம சுவரோரமாவே போறார். வேடிக்கையான மனுஷன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 4, புதன்

என் அக்காவுக்கு,

போட்டோவைப் பார்த்துக் குதிச்சுட்டேன்! பாடகர், "இதேதான்"னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை ஷூட். அவருக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு, விட்டா வீடியோ வேற டைரக்டருக்குப் போயிடும். இத்தனை வருஷம் அடுத்தவனுக்குக் குடை பிடிச்சது போதும்.

டான்ஸ் மாஸ்டர் சூப்பரா ஒரு ஸ்டெப் வெச்சிருக்கார். நாற்பது பேரும் ஒரே நேரத்துல குதிச்சுத் தரையை மிதிப்பாங்க. கட்டடமே அதிரணுமாம்.

தம்பி

மார்ச் 5, வியாழன்

தம்பி,

ஷூட்டை நிறுத்து. ராத்திரி யாரும் மேலே வரலை, ஆனா டேப் கிழிஞ்சு கிடக்கு. விரிசல்ல என் விரல் போகுது. கீழே போய் அண்ணாந்து பார்த்தா, அந்த இடத்துல இரும்பு உத்தரம் துருப்பிடிச்சு வளைஞ்சு தொங்குது.

வாட்ச்மேனைப் பிடிச்சுக் கேட்டேன். "மழைக்கப்புறம் சத்தம் வருதும்மா. முதலாளி வாயைத் திறக்காதேன்னுட்டார்"ங்கிறார். பாவி மனுஷன்! நாற்பது பேர் ஒண்ணா குதிச்சு மிதிச்சா இந்தத் தரை தாங்காதுடா.

அக்கா

மார்ச் 5, மாலை

அக்கா,

முதலாளிகிட்ட பேசிட்டேன். பழைய கட்டடம்னா விரிசல் இருக்கத்தான் செய்யுமாம். எனக்கு ஒரு நல்லது நடக்கப்போனா நீ எப்பவும் குறுக்கே வந்து நிப்பே. நாளைக்குக் காலையில எல்லாரோடயும் வர்றேன். பயமா இருந்தா நீ வீட்டுக்குப் போ.

டைரக்டர்

மார்ச் 6, வெள்ளி

தம்பி,

இதை ஜன்னல் வழியா கீழே போடுறேன், வாட்ச்மேன் எடுத்து கேட்லயே உன்கிட்ட கொடுப்பார். டிரைவர் அண்ணன் நேத்தே உன் பதிலைக் கொடுத்துட்டுப் போயிட்டார், வண்டியும் இல்லை, போனும் இல்லை, வேற யார்கிட்டயும் சொல்ல வழியில்லை. அதனால மேல்மாடி ஹாலுக்குள்ள போய்க் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கிட்டேன்.

உன் வாய்ப்பு போயிடும். இனி ஜென்மத்துக்கும் என் முகத்துல முழிக்க மாட்டே. தெரியும்டா. அழுதுகிட்டேதான் எழுதுறேன். என்னைத் திட்டிக்கிட்டே நூறு வயசு வாழு, எனக்கு அது போதும்.

உங்க வண்டிச் சத்தம் கேக்குது. மேலே வராதே. கோவத்துல கதவை மட்டும் இடிச்சுடாதே. விரிசல் கதவு வரைக்கும் வந்தாச்சு, நான் அதுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன்.

அக்கா