சிவப்பும் நீலமும்

செவ்வாய்க்கிழமை, பதுளை

அம்மாவின் கருமாதிக்குக் கொடுக்கும் நினைவு மலரை இன்று ஒருவழியாக முடித்தேன். நான் தட்டச்சு செய்து அனுப்பியதைக் கொழும்பிலிருந்து அண்ணனும் பசறையிலிருந்து தங்கச்சியும் தனித்தனியாகத் திருத்தியிருந்தார்கள். இரண்டையும் வேர்டில் ஒன்றாகச் சேர்த்ததும் பக்கம் முழுக்க அண்ணனின் சிவப்பும் தங்கச்சியின் நீலமும்தான்.

"மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து பறித்து எங்களைப் படிக்க வைத்தார்" என்று எழுதியிருந்தேன். அண்ணன் கொழுந்தை வெட்டிவிட்டு, "தோட்டத்தில் பணியாற்றி" என்று போட்டிருந்தார். தங்கச்சி "அரும்பாடுபட்டு" என்று மாற்றியிருந்தாள். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் பார்ப்பாங்கடா. கொழுந்து எதுக்கு இப்ப?"

தங்கச்சி, "அவரு சொல்றதையே போட்டுருண்ணே, சண்டை வேணாம்" என்றாள்.

எனக்கும் அலுத்துவிட்டது. எல்லாத் திருத்தங்களையும் ஏற்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மேலே பெரிய எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்தேன். பிச்சையம்மா. அடையாள அட்டையைப் பார்த்து நான் அப்படியே அடித்தது. அட்டையில் யாரோ ஒரு கிளாக்கர் பிழையாக எழுதியது. அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் அம்மா முனகுவார்: "பிச்சையம்மா எவளோ. நான் பேச்சியம்மா."

அச்சகத்துக்காரர் போனை எடுக்கவில்லை. பழைய கோப்பைத் திரும்பத் திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பும் நீலமும். பெயர் மட்டும் சுத்தமாக, கறுப்பாக இருக்கிறது.