மச்சான் நிறுத்திய இடத்தில் நிற்கிற கண்

அன்புள்ள தேவராஜ் மச்சான்,

மேலே போயும் யாருக்காவது சத்தமாக வாசித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அவர்கள்மேல் எனக்கு நிஜமான அனுதாபம்.

வார இதழில் என் நகைச்சுவைக் கட்டுரை வந்துவிட்டால் போதும், தேரடித் தெருப் பாத்திரக்கடையைப் பாதி சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவருவீர்கள். அடுப்படியில் இருக்கும் உங்கள் தங்கைக்கு வாசித்துக்காட்ட வேண்டுமாம். அதுவும் எந்தக் குரலில்? பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் காணாமல்போன குழந்தையை மைக்கில் அறிவிக்கிற குரலில்.

நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று கூடவே படிப்பேன். கண் இரண்டு வரி முன்னால் ஓடிவிடும். நான் எழுதியதற்கு நானே சிரித்துத் தொலைப்பேன்.

"மாப்ள, நான் அங்க வர்றதுக்குள்ள நீங்க சிரிச்சிட்டா எப்டி? கண்ண இழுத்துப் புடிங்க!"

பிடித்தேன். பல வருஷம் உங்கள் குரலுக்குப் பின்னால், கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி என் கண் நடந்தது.

நீங்கள் போன பிறகாவது நிம்மதியாக மனசுக்குள் படிக்கலாம் என்று பார்த்தால், எங்கே? வாயை மூடிக்கொண்டு படித்தாலும், நீங்கள் மூச்சு முட்டி நிற்கிற இடத்தில் கண்ணும் நின்றுவிடுகிறது. செங்கம் சாலை காபிக் கடையில் ஒரு வெள்ளைக்காரர், காதில் ஒரு புத்தகத்தை வாசிக்கிற கேசட், கையில் அதே புத்தகம். கேட்டுக்கொண்டே படித்தால் கண் அலையாதாம், பெருமை பீற்றிக்கொண்டார். பேட்டரி தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர் பக்கம் புரட்டவே இல்லை!

நீங்கள் போனதிலிருந்து உங்கள் தங்கை இன்னும் சிரிக்கவில்லை, மச்சான். அதற்காகத்தான் புதுக் கட்டுரையை நானே வாசித்தேன். அவள் வெங்காயத்திலிருந்து முகத்தைத் தூக்கவில்லை.

"நல்லா இல்லியா?"

"நீங்க எழுதனதுக்கு நான் என்னிக்குங்க சிரிச்சேன்? நல்ல எடம் வந்ததும் அண்ணன் சிரிப்ப அடக்க முடியாம, மூஞ்சி செவந்து, மூச்சு முட்டி நிக்கும்ல? அதப் பாத்துதான் சிரிச்சேன்."

எனக்கு இது தேவைதான். ஒரு பாத்திரக்கடைக்காரரின் மூஞ்சியில் பிழைத்த எழுத்தாளன் நான்! தோளுக்குப் பின்னால் நின்றவன் எழுத்தைத்தானே பார்த்தேன்? அந்த முகத்தை ஒரு தடவையாவது பார்த்தேனா?

வருகிற ஞாயிறு இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசிக்கப்போகிறேன், உங்கள் கேடுகெட்ட குரலிலேயே. என் கண் முன்னால் ஓடத்தான் பார்க்கும். நீங்கள் நிற்கிற இடத்தில் இழுத்துப் பிடிப்பேன். அவள் சிரிக்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தங்கையைக் கட்டிய,
முந்திச் சிரித்த
மாப்பிள்ளை