சுருட்டின்மேல் விழுந்த பழி

மச்சான்,

இன்று காலை மீன் வாடியில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டதும் உன் போத்தல் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உன் கழுத்தில் கட்டி வந்தபோது, டொக்டர் வாய் திறக்குமுன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: சுருட்டால் வந்த நெஞ்சுப் புற்று. உன்னைக் கட்டிய என் தங்கை சுருட்டுக்கட்டை அடுப்பில் போட்டாள். "என்னைத் தனிய விட்டிட்டுப் போறதுக்குத்தானே ஊதினீங்கள்?" என்றவள் பிறகு உன்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டியில் ஒரு துண்டு வெட்டி, மருந்துத் தண்ணீரில் போட்டு, கொழும்புக்குக் கொண்டுபோகத் தந்தார்கள். நீ அந்தப் போத்தலை ஐஸ் பெட்டிக்குள் பாரை மீனைப்போலப் புதைத்தாய்.

"மீனே ஐஸ் இல்லாமல் கொழும்பு போகாது. என்ர இறைச்சி போகுமோ?"

கொழும்புப் பரிசோதனைக்கூடத்தில் பெட்டியைத் திறந்த பெண்பிள்ளை சிரித்துவிட்டாள். "மருந்துத் தண்ணியில கிடந்தாப் பழுதாகாது ஐயா."

துண்டுக்கு ஏற்றிய முதல் சாயத்தில் அது புற்று என்று மட்டும் தெரிந்தது. எங்கே பிறந்தது என்று தெரிந்தால்தான் மருந்து. அதற்கு வேறு சாயங்கள் வேண்டும் என்றார் டொக்டர். "கட்டி எங்க போய்க் குந்தினாலும் பிறந்த இடத்தின்ர குணம் போகாது. அந்த இடத்துக்குரிய சாயம்தான் பிடிக்கும்."

"நானும் அப்பிடித்தான் டொக்டர். மண்டபம் அகதி முகாமில எத்தினை வருசம் கிடந்தும், வாயைத் திறந்தாப் பேசாலை ஊரான் எண்டு பிடிச்சிடுவாங்கள்."

சிரித்தாய். 

நெஞ்சுக்குரிய சாயம் பிடிக்கவில்லை. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பிக்குரியது மண்ணிறமாகப் பிடித்திருந்தது. முற்றாகச் சுகமாகாது, ஊசி போட்டு அடக்கி வைக்கலாம் என்றார். நீ ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப சுருட்டு இல்லையோ?"

"இதுக்குச் சுருட்டைக் குற்றம் சொல்லேலாது. அதுக்காகத் திரும்பத் தொடங்காதேங்கோ."

"இதை ஒருக்கா என்ர மனிசிக்குப் போனில சொல்லுவீங்களோ?"

அந்த நல்ல மனிதர் சொன்னார்.  மறுமுனையில் தங்கையின் குரல்: "அவரிட்டக் குடுங்கோ."

அந்த ஊசியோடு சில வருடம் என்னோடு கடலுக்கும் வந்தாய்.

ஆத்துமாக்கள் திருநாளில் உன் கல்லறை மணலில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து நட்டுவிட்டு வருவது என் வழக்கம். போனமுறை வாடைக்காற்று விடவில்லை. அணையப் பார்த்த நெருப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தவள் என் தங்கைதான்.