முன்னால் போகிறவனுக்குக் கோட்டு

ஜனவரி 6

பெரிய பாலம் வெள்ளத்தில் போன வருஷம். மூத்தவள் பிறந்ததும் அதே வருஷம்தான், மருத்துவச்சி படகில் வந்தாள். ரொட்டிக் கடை வரிசை தெருமுனை தாண்டி நின்றதும் அப்போதுதான். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் கணவாய்க்கு மேலே உள்ள சிக்னல் கோபுரத்துக்குப் பாட்டரி சுமந்தோம். மாப்பிள்ளை, ரேடியோ, குண்டூசி, தாடி, நான். எல்லாம் பட்டப்பேர்தான். என்னை ஒட்டகம் என்பார்கள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், சின்னவள் எழுதுகிறாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து, முகம் கழுவி, உட்கார்ந்து எழுதுகிறாள். "மெதுவா சொல்லுப்பா, பின்னால என்ன லாரியா வருது?" என்கிறாள். அதையும் எழுது.

இன்றைக்கு இது ஏன் ஞாபகம் வந்தது? மலையில் மின்கம்பி பார்க்கப் போகும் கம்பிக்காரர் வந்திருந்தார். "உங்க ரேடியோவுக்கு முடியல. இருமிட்டே இருக்கார். கீழ வாங்கன்னா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறார்" என்றார்.

போகவேண்டும். பனிக்காலத்தில் பஸ் கடைசி நிறுத்தத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் அரை நாள் நடை. என் காலுக்கு அது எத்தனை நாளோ.

ஜனவரி 7

சின்னவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "இந்தப் பருத்தி பனியனும் இந்த வாய் பிளந்த ஷூவும் போட்டுட்டு வந்தா, நான் உன்னை பஸ்லயே ஏத்தமாட்டேன்."

ஜனவரி 8

கோட்டுக் கதையைச் சொல்லவேண்டும். அது மனதில் வந்துவிட்டால் சோறு இறங்காது.

ஐந்து பேருக்கு ஒரே ஒரு பஞ்சுக் கோட்டு கொடுத்தான் ஒப்பந்தக்காரன். கனமான கோட்டு. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம்: முன்னால் போய்ப் பனியை மிதித்து வழி போடுகிறவனுக்குக் கோட்டு. அவன்தானே கஷ்டப்படுகிறான்? அவன் களைத்தால் பின்னால் வருவான், அடுத்தவன் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் போவான். முதல் முறை நான். பிறகு தாடி, குண்டூசி, ரேடியோ. ரேடியோ தன் முறை முடிந்தும் விடவில்லை, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று இரண்டு முறை போனான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனான். கடைசியில் மாப்பிள்ளை. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதனால் அந்தப் பேர்.

மாப்பிள்ளை கோட்டை வாங்கிப் போட்டதும் காற்று பிடித்துக்கொண்டது. நகர முடியவில்லை. பாறைக்கு ஒதுங்கி உட்கார்ந்தோம். விடிந்தபோது கோட்டு போட்டிருந்தவன் செத்துக் கிடந்தான். போடாத நாங்கள் நாலு பேர் பிழைத்தோம்.

இது எப்படி? யாருக்கும் விளங்கவில்லை. ரேடியோ மட்டும் விளங்கியவன்போலத் தலையில் அடித்துக்கொண்டான். "நான் லேட்டா குடுத்துட்டேன்டா. அதுக்குள்ள அவன் உடம்பு விறைச்சுப் போச்சு." அதோடு பேச்சை நிறுத்தினான். கீழேயும் வரவில்லை, மேலே கோபுரத்தடியிலேயே தங்கிவிட்டான்.

எனக்குப் போனது வலது காலில் இரண்டு விரல்.

ஜனவரி 10

கடைக்குப் போனோம். வாசலிலிருந்தே வண்ண வண்ணமாகத் தொங்குகிறது. கடைக்காரப் பெண் முட்டி போட்டு உட்கார்ந்து என் காலைப் பிடித்துப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"ஐயா, கம்பளிக் காலுறை போட்டுட்டுத்தான் பூட்ஸ் பார்க்கணும். முன்னால விரல் ஆடணும். இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாது, சில்லுனு ஆயிடும்."

"ஆடறதுக்கு மூணு விரல்தாம்மா இருக்கு."

சிரித்துவிட்டாள். விரல் இல்லாத இடத்துக்குக் கம்பளித் துணி வைத்துக் கொடுத்தாள். கையுறையில் விரலுக்கு விரல் வைத்ததை எடுத்தேன். வேண்டாம் என்றாள். நாலு விரலும் ஒரே வீட்டில் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று சூடாம். கூட்டுக் குடும்பம்.

உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி. அதற்கு மேல் ஒன்று. காற்றுக்கு மெல்லிசாக ஒரு மேலுறை. கடைசியில் இறகு அடைத்த கோட்டு எடுத்தாள். கையில் வைத்தால் கனமே இல்லை. நான் போட்டுக்கொண்டு, "இதோட ஏறினா இமயமே ஏறலாம்" என்றேன்.

அவள் சொன்னாள்: "ஏறும்போது இதைப் போடாதீங்க ஐயா. பையில இருக்கணும். நடக்கறப்ப வேர்க்கும். கோட்டு வேர்வையில நனைஞ்சா போச்சு, அப்புறம் நின்னா அதுவே உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். நிக்கும்போது போடறதுதான் கோட்டு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சின்னவள் பயந்துபோய்த் தண்ணீர் கேட்டாள்.

முன்னால் போகிறவனுக்கு அல்ல. நிற்கிறவனுக்கு. அந்தக் கோட்டுக்குள் எங்கள் நாலு பேர் வேர்வையும் இருந்தது. மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ஜனவரி 11

தூக்கமில்லை.

ஜனவரி 13

ரேடியோவிடம் சொல்லவா வேண்டாமா?

சொன்னால் மனப்பாரம் இறங்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. தாமதமாகக் கொடுத்ததால் அல்ல, நனைந்திருந்ததால். மறு நேரம் — இரண்டு முறை போட்டவன் அவன். இரண்டு பங்கு வேர்வை அவனுடையது. அவன் அப்படிக் கணக்குப் போட்டால்? சாகக் கிடக்கிறவன் தலையில் கல்லைப் போட்ட மாதிரி ஆகாதா? குண்டூசி இருந்தால் கேட்கலாம். தாடி இருந்தால் கேட்கலாம். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு.

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "போய் அவர் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுப்பா" என்றாள்.

ஜனவரி 15

பூட்ஸ் பழகவேண்டுமாம். வீட்டுக்குள்ளேயே நடந்தேன். கீழ்வீட்டு அம்மா வந்து, "மேல என்ன, குதிரை வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 19

நாளைக்கு. நேரமாகிவிட்டால்? அவன் ஏற்கெனவே — வேண்டாம், அதை எழுதாதே.

ஜனவரி 22

வீடு வந்து சேர்ந்தோம். எல்லாம் சொல்கிறேன்.

சின்னவள் முன்னால், நான் பின்னால். கோட்டு பையில். ஏறும்போது குளிரவே இல்லை. மூச்சுத்தான் முட்டியது. மூச்சு வாங்க நின்ற இடத்தில் எல்லாம் அவள் கோட்டை எடுத்து என் மேல் போட்டாள். நடக்கத் தொடங்கினால் உருவிக்கொண்டாள். குழந்தைக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி.

ரேடியோ இருந்தான். எலும்பும் தோலுமாக, அடுப்பு ஓரத்தில். என்னைப் பார்த்தான், பார்வையை நகர்த்தவில்லை. முகத்தைப் பார்த்து முடிவு பண்ணு என்றாளே, அந்த முகத்தில் என்னத்தைப் பார்ப்பது? அடைத்த கதவு.

சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெண் சொன்னதை அப்படியே.

வெகுநேரம் இருமினான். பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். துருப்பிடித்துப் போயிருந்தது.

"அப்ப நான் சீக்கிரம் குடுத்திருந்தா?"

நான் பயந்த இடத்துக்கே வந்துவிட்டான்.

"அப்பவும் அது ஈரம்தான்டா. மொதல்ல போட்டு நனைச்சவன் நான். நீ சீக்கிரம் குடுத்திருந்தா, மாப்பிள்ளையே முன்னால நடந்து இன்னும் நனைச்சிருப்பான்."

"நாலு பேருமா?"

"நாலு பேருந்தான்."

"முட்டாப் பசங்கடா நாம" என்றான்.

அவ்வளவுதான். திறந்துகொண்டது. கூரை ஒழுகுவது, நரி வருவது, கம்பிக்காரர் டீ போடத் தெரியாதவர் என்பது, தாடி ஒரு தடவை பாட்டரியைத் தலைக்கு வைத்துத் தூங்கியது. சின்னவளைப் பார்த்து, "ஒட்டகத்துக்கு இப்படி ஒரு பொண்ணா, நம்ப முடியலியே!" இருமல் வந்தால் கையை உயர்த்தி எங்களை நிறுத்திவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தான். "அப்பா, இதை அணைக்கறது எப்படி?" என்று சின்னவள் என் காதில் கேட்டாள்.

கீழே வா என்றேன். "பனி விடட்டும், வரேன்" என்றான். திரும்பும்போது கோட்டை அவனிடம் விட்டுவிட்டேன். சின்னவள் வழியெல்லாம் திட்டினாள். "நடக்கறவனுக்கு எதுக்கு?" என்றேன். நின்ற இடத்தில் தன் கோட்டை என் மேல் போட்டுவிட்டாள், திட்டிக்கொண்டே.

பிப்ரவரி 9

கம்பிக்காரர் போனில் கூப்பிட்டு, அவன் காதில் வைத்தார். போன் சூடாகும்வரை பேசினான்.

பிப்ரவரி 27

போன் வரவில்லை. மேலே காற்றாக இருக்கும். கம்பி அறுந்திருக்கும். வேறென்ன?

மார்ச் 14

கம்பிக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.

"கடைசி நாள் வரைக்கும் பேசிட்டேதான் இருந்தார். டீ வைக்கப் போனேன். திரும்பி வந்தா சத்தம் இல்ல." பையிலிருந்து கோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

உள்ளே கைவிட்டுத் தடவினேன். தோள், முதுகு, அக்குள். எங்கும் ஈரமில்லை. நன்றாகக் காய்ந்து, லேசாக அடுப்புப் புகை வாசம்.

மாப்பிள்ளை, குண்டூசி, தாடி, ரேடியோ.

சின்னவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை உள்ள வச்சிடட்டுமாப்பா?" என்று கேட்டாள். வேண்டாம், கொடு என்றேன். இப்போது முறை ஒட்டகத்துக்கு.