கலண்டரில் கறுப்பு வட்டங்கள்

மார்ச் 11

கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்று கண்டியில் என் வலிப்புக்கு மருந்து தரும் டொக்டரிடம் போனோம். ஆறு மாதக் கலண்டரைக் கொண்டுபோயிருந்தேன். மாதவிடாய் வந்த நாட்களைச் சிவப்பிலும் வலிப்பு வந்த நாட்களைக் கறுப்பிலும் வட்டமிட்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும் சிவப்புக்கு முந்தைய இரண்டு நாட்களில்தான் கறுப்பு.

அவர் அதைத் தொடவே இல்லை. என் கணவர் பீட்டரைப் பார்த்து, "பொம்பளைகளுக்கு அந்த நேரத்துல மனசு குழம்பும். டென்ஷன் குடுக்காதீங்க" என்றார். பீட்டர் தலையாட்டினார்.

"மனசு இல்ல டொக்டர், மூளை" என்றேன். போன மாதம் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தபோது வெந்த கையை மேசையில் வைத்தேன். "மாதவிடாய்க்கு முன்னுக்கு ஹோர்மோன் குறையுது. மூளைய அமைதியா வைக்கிற ரிசெப்டர்களும் அதோட மாறுதுன்னு வாசிச்சேன். அந்த நாளைக்கு மட்டும் மருந்த மாத்த ஏலாதா?"

"இன்டர்நெட்ல வாசிக்கிறாங்க போல" என்று பீட்டரிடமே சிரித்தார். பழைய மாத்திரையையே எழுதினார்.

கலண்டரைப் பார்க்காமல் எழும்பமாட்டேன் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "வா ஸ்டெல்லா, போவோம்" என்று பீட்டர் தோளைத் தொட்டார். தட்டிவிட்டேன்.

கடைசியில் டொக்டர் ஆறு பக்கங்களையும் புரட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"எப்ப இருந்து இப்பிடி?" முதல் தடவையாக என்னிடம் கேட்டார்.

"பதினாலு வயசுல இருந்து."

அந்த நாட்களுக்கு வேறொரு மாத்திரை சேர்த்து எழுதினார்.

குண்டசாலைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் பீட்டர், "கொஞ்சம் பணிவா கேட்டிருக்கலாம்" என்றார்.

இருபது வருடமாகப் பணிவாகத்தான் கேட்டேன்.