பேரம் பேசிய போணி

கடப்பேரி, தாம்பரம்
3.11.2025

அன்புள்ள ஜான்சிக்கு,

கிளி எழுதுகிறேன். இங்கே மூட்டு வலியைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உன் காது எப்படி இருக்கிறது? போனில் கத்திப் பேசினால் என் தெரு முழுக்கக் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்கவில்லை. அதனால் கடிதமே மேல். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, நண்டு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும். பார்த்துப் படி.

நீ மகன் வீட்டோடு மேடவாக்கம் போய் ஐந்து மாதம் ஆகிறது. போனில் புதுசாக வந்த ஆட்டமெல்லாம் எப்படி என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். பழத்தை வரிசையாகச் சேர்த்து உடைக்கிற ஆட்டம் வேண்டவே வேண்டாம். நாலு பழம் உடைத்தால் ஒரு விளம்பரம். ஒருத்தி தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளை மூடுகிற பெருக்கல் குறி எறும்பு அளவுக்கு இருக்கிறது. பஸ் ஓட்டுகிற ஆட்டம் ஒன்று வந்திருக்கிறது. ஸ்டாப்பில் ஜனம் நின்றால் அங்கேயே பஸ் நிற்கிறது. அது எந்த ஊர் பஸ்ஸோ! பூனைக்குச் சட்டை மாட்டுகிற ஆட்டத்தை இரண்டு நாள் ஆடினேன். முப்பத்தோரு வருஷம் பூனையை விரட்டினவள் நான். மனசு ஒப்பவில்லை.

நம்முடைய 'மீன் சந்தை'தான் ஆட்டம். அதிலும் குற்றம் உண்டு. சங்கராவுக்கு நீலக் கலர் அடித்திருக்கிறான். ஈ இல்லை. ஐஸ் உருகுவதே இல்லை. படம் போட்டவன் மீனைத் தட்டில்தான் பார்த்திருப்பான். ஆனாலும் கூடையைத் திறந்ததும் ஜனம் வந்து நிற்கிறதே, அதற்காகவே ஆடுகிறேன். என் பிள்ளை மோகன்ராஜ் சிரிக்கிறான். "இன்னாம்மா, கடைய மூடி ஆறு வருஷமாச்சு, இன்னும் மீன் வித்துகினே கீற?" என்கிறான்.

பொங்கலன்று அதிலேயே 'பெரிய சந்தை' வருகிறதாம். படகு உண்டு, ஏலம் உண்டு. ஆனால் ஒரு கடைக்கு ஒரே ஒரு கூட்டுக் கடைதானாம். பொங்கல் வரைக்கும் பெயரை மாற்றலாம், அதற்கப்புறம் மாற்ற முடியாது. நான் உன் பெயரைப் போட்டுவிட்டேன். நீயும் என் பெயரைப் போடு.

போணியை மறந்துவிடாதே. தாம்பரம் மார்க்கெட்டில் நான் கூடை வைத்த முப்பத்தோரு வருஷமும், பள்ளிக்கூடத்துக்கு ஆயா வேலைக்குப் போகிற வழியில் நீதானே எனக்குப் போணி பண்ணினாய். ஒரு கூறு காரப்பொடி மீன். விலை கேட்கமாட்டாய், பேரம் பேசமாட்டாய். "குடு கிளி" என்பாய், அவ்வளவுதான். உன் கை பட்ட நாளில் கூடை மிஞ்சினதே இல்லை. போனிலும் காலையில் உன் கடைதான் என்னிடம் முதல் மீன் வாங்க வேண்டும்.

ஆட்டத்தில் உன் கடைப் பலகையில் தினமும் 'அடியே ஆயா, எழுந்தியா' என்று எழுதுகிறேன். நீ ஒரு பதிலும் போடுவதில்லை. அவ்வளவு பெரிய மனுஷியாகிவிட்டாயா?

உன்
கிளி


மேடவாக்கம்
12.11.2025

பிரியமுள்ள கிளிக்கு,

ஆண்டவர் கிருபையில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் நண்டு எழுத்தைப் பார்த்ததும் பாதி ஊர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இங்கே ஒன்பதாவது மாடி. விடியும் முன்பே தண்ணீர் லாரி வந்து உறுமுகிறது, அதுதான் எங்கள் சேவல். ஜோஷ்வாவும் மருமகளும் எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருகிறார்கள். சாயந்திரம் கீழே பூங்காவில் பெண்கள் கூடுவோம். எதிர் வீட்டு ஏஞ்சல், இரண்டாவது மாடி ஜெயப்ரியா, இன்னும் சிலர். எல்லோரும் படித்தவர்கள். எனக்கு நல்ல மரியாதை கொடுக்கிறார்கள். பெஞ்சில் இடம் விட்டு உட்காரச் சொல்கிறார்கள்.

அவர்களும் போனில் ஆடுகிறார்கள். வீடு அலங்காரம் பண்ணுகிற ஆட்டம் ஒன்று. சோபா போட வேண்டும், திரைச்சீலைக்குப் பொருத்தமாகச் சுவருக்கு நிறம் அடிக்க வேண்டும். பொறுமையாக இருக்கிறது. விளம்பரம் குறைவு. நீயும் ஆடிப் பார். ஏஞ்சல் 'மீன் சந்தை'யும் ஆடுகிறாள்.

பலகையில் நீ எழுதுவதை எல்லோரும் படிக்கலாம், தெரியுமா? கொஞ்சம் பார்த்து எழுது. கூட்டுக் கடைக்கு என்ன அவசரம், பொங்கலுக்குத்தானே. பார்த்துக்கொள்ளலாம். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்
ஜான்சி


கடப்பேரி
24.11.2025

அன்புள்ள ஜான்சிக்கு,

திரைச்சீலை ஆட்டத்தை ஆடினேன். சுவருக்குப் பச்சை அடித்தேன், 'ரசனை போதாது' என்றது. அழித்துவிட்டேன். என்னை ரசனை கேட்க அது யார்?

இப்போது வேறு ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல். என் கடையில் போணி பண்ணுவது யார்?

பதினைந்தாம் தேதி உன் கடை வந்து வஞ்சிரம் வாங்கியது. பேரம் பேசி. பதினாறு, இறால். பேரம். பதினேழு, கொடுவா. பேரம். நேற்று வரைக்கும் ஒன்பது நாள், ஒன்பது பேரம். நீ காரப்பொடியைத் தவிர வேறு எதையும் போணிக்குத் தொட்டதில்லை. ஒரே ஒரு நாள், தொண்ணூற்றாறு புயலுக்கு மறுநாள், காரப்பொடி வரத்து இல்லாமல் நெத்திலி வாங்கினாய். அன்றைக்கும் பேரம் பேசவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். சரியாக ஆறரைக்கு வருகிறது, ஒரு நொடி பிசகுவதில்லை. நீ என்றைக்கடி நேரத்துக்கு வந்தாய்? ஒரு நாள் ஆறேகாலுக்கே வந்து நிற்பாய். மறுநாள் ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாய்.

பேரம் பேசிய போணி வயிற்றெரிச்சல். உனக்குத் தெரியும். போனை யாரிடம் கொடுத்தாய்?

உன்
கிளி


மேடவாக்கம்
2.12.2025

பிரியமுள்ள கிளிக்கு,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள். போனை யாரிடமும் கொடுக்கவில்லை. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், இன்னும் பழகவில்லை. விரலும் நடுங்குகிறது. 'வாங்கு' என்பதை அழுத்தப் போனால் பக்கத்தில் இருக்கும் 'பேரம்' அழுந்திவிடுகிறது. இதற்குப் போய்க் கோபப்படலாமா? விளையாட்டுத்தானே கிளி.

கிறிஸ்துமஸுக்குத் தாம்பரம் வந்தால் உனக்குக் கேக் கொண்டு வருகிறேன்.

உன்
ஜான்சி


கடப்பேரி
11.12.2025

ஜான்சிக்கு,

'வாங்கு' கீழே வலப்பக்கம் இருக்கிறது. 'பேரம்' மேலே இடப்பக்கம். அவ்வளவு தூரம் நடுங்குகிற விரலால் கடிதம் மட்டும் கோடு போட்ட மாதிரி எப்படி எழுதினாய்?

முந்தாநாள் என் கடைப் பலகையில் ஒருத்தி எழுதியிருந்தாள். நீயும் படி.

"ஹலோ, ஜான்சி டீச்சருக்கு மீன் குடுத்துட்டிருந்த மீன்காரம்மா நீங்கதானா? டீச்சர் உங்களப் பத்தி சொன்னாங்க. மேடவாக்கம் வரைக்கும் கொண்டு வந்து தருவீங்களா? சுத்தம் பண்ணித் தரணும். ஏஞ்சல்."

மூன்று தடவை படித்தேன். எந்த டீச்சர் என்று முதலில் புரியவில்லை. ஜான்சி என்று எனக்கு வேறு யாரையும் தெரியாதே. அப்புறம் அவளிடமே கேட்டேன், ஜான்சி கடை தினமும் ஆறரைக்கு என்னிடம் வருகிறதே, அது யார் என்று. பளிச்சென்று பதில் வந்தது. "அது டீச்சர் இல்ல ஆன்ட்டி, ஆட்டோல போட்டிருக்காங்க. மெஷினே வாங்கிக்கும். டீச்சர் புதுக் கடை வச்சு எங்க கூட ஆடறாங்க. பெரிய சந்தைக்கு நாங்க ரெண்டு பேரும்தான் கூட்டு."

ஆக, எனக்குப் போணி பண்ணினது மெஷின். அதுகிட்டயா நான் தினமும் 'எழுந்தியா' என்று கேட்டேன்?

மெஷினைக்கூட விட்டுவிடுகிறேன். கூட்டுக் கடையையும் விட்டுவிடுகிறேன். மீன்காரம்மாவா நான் உனக்கு? ஊருக்கெல்லாம் நான் மீன்காரம்மாதான், எனக்கு அதில் வெட்கமில்லை. உனக்கு எப்போதிலிருந்து? தொண்ணூற்றொன்று ஆடியில் ஜோஷ்வாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பதினோரு நாள் அவன் என் மடியில்தான் கிடந்தான். நீ வேலைக்குப் போனாய், நான் கூடை எடுக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் மீன்காரம்மா மடியா அது?

இன்னொன்றும் நினைவிருக்கிறது. தொண்ணூற்று நாலில் பல்லாவரத்தில் உன் தம்பி கல்யாணம். பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் நாத்தனார், "யாரிது, மீன் வாட அடிக்குது" என்றாள். நீ இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்து அடுத்த பந்திக்குப் போனேன். மறுநாள் நீ அழுதாய், "மறந்துட்டேன் போடி" என்றேன். மறக்கவில்லை. நீ அன்றைக்கு இலையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதுகூடத் தெரியும். மாங்காய் ஊறுகாய்.

கிளியம்மாள்


மேடவாக்கம்
19.12.2025

என் கிளிக்கு,

பொய் சொன்னேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் டீச்சர் என்று சொல்லவில்லை கிளி. வந்த புதிதில், "நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க ஆன்ட்டி?" என்று ஏஞ்சல் கேட்டாள். "முப்பது வருஷம் ஸ்கூல்ல இருந்தேன்" என்றேன். "ஓ, டீச்சரா!" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. செய்தது அவ்வளவுதான். மறுநாள் பூங்காவில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பிள்ளைகளின் கால் கழுவிவிட்டே முப்பது வருஷம் போனது எனக்கு. யார் எனக்கு எழுந்து நின்றார்கள்?

அப்புறம் ஒரு நாள் ஏஞ்சல் என் போனை எட்டிப் பார்த்தாள். பலகையில் 'அடியே ஆயா, எழுந்தியா' என்று இருந்தது. "யாரிது டீச்சர், இப்படிப் பேசறாங்க?" என்றாள். வாயில் வந்துவிட்டது, "எங்க மீன்காரம்மா, அவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான்" என்று. அதற்குப் பிறகு அந்தக் கடையைத் திறக்கவே பயமாக இருந்தது. மூடினால் நீ கண்டுபிடிப்பாய். அதனால் ஆட்டோவில் போட்டேன்.

அந்தப் பழைய கடையை மூடிவிட்டு, பொங்கலன்று காலையில் புதுக் கடையோடு நானே உன் கடைக்கு வருவேன். என் கையால் போணி பண்ணுவேன். கூட்டுக் கடையிலும் ஏஞ்சல் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போடுகிறேன்.

ஏஞ்சலிடம் நீ வேறு ஏதாவது சொன்னாயா? நான் ஆயா என்று சொல்லிவிட்டாயா? அதை மட்டும் உடனே எழுது.

உன்
ஜான்சி


கடப்பேரி, தாம்பரம்
17.1.2026

மதிப்பிற்குரிய ஜான்சி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. உடனே எழுதச் சொன்னீர்கள், முடியவில்லை. பொங்கல் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் முதலில். ஏஞ்சலுக்கு அன்றைக்கே எழுதினேன். 'ஆமாம்மா, நான் மீன்காரம்மாதான். டீச்சருக்கு முப்பத்தோரு வருஷம் மீன் கொடுத்தேன். ராசியான கை அவங்களுக்கு. இப்போது வியாபாரம் இல்லை' என்று. அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதவில்லை, இனியும் எழுதமாட்டேன். நீங்கள் பயப்படாமல் பூங்காவுக்குப் போகலாம். உங்கள் பலகையில் நான் எழுதினதையெல்லாம் அழித்துவிட்டேன்.

பெரிய சந்தை வந்துவிட்டது. நன்றாகத்தான் செய்திருக்கிறான். படகு அலையில் ஆடுகிறது, ஏலம் விடுகிறவன் குரல்கூட காசிமேட்டுக்காரன் குரல் மாதிரி இருக்கிறது. ஈயும் விட்டிருக்கிறான். சங்கராவைச் சிவப்பாக்கிவிட்டான். யாரோ விஷயம் தெரிந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பொங்கலன்று காலையில் உங்கள் புதுக் கடை வந்தது. ஆறரைக்கு வரவில்லை. ஆறே முக்கால் தாண்டி, ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. ஒரு கூறு காரப்பொடி. பேரம் இல்லை. அது மெஷின் இல்லை, நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்த சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

நிமிர்ந்து உங்கள் பலகையைப் பார்த்தேன். 'கூட்டுக் கடை: ஏஞ்சல்' என்றே இருந்தது. மாற்றுகிற கெடு முந்தின நாளோடு முடிந்துவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்குப் பல்லாவரத்து ஊறுகாய் ஞாபகம் வந்தது.

வேறு பெயர் போடத்தான் முடியாது, இருக்கிற பெயரை எடுக்க முடியும்; என் கடையில் உங்கள் பெயர் இருந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தனியாக ஆடினால் பெரிய படகு கிடைக்காதாம். பரவாயில்லை.

நீங்கள் ரொம்ப நேரம் நின்றீர்கள். 'சரக்கு இல்லை' என்று ஒரு பட்டன் இருக்கிறது. இவ்வளவு நாளும் அதை நான் தொட்டதில்லை. அன்றைக்கு அழுத்தினேன். நீங்கள் திரும்பிப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடை நிறைய காரப்பொடி இருந்தது.

இப்படிக்கு,
மீன்காரம்மா