இன்று இரண்டாவது படி

மச்சான்,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி ஆணியில். உன் அக்கா வர ஏழு மணியாகும். எனக்கு மூன்று மணிக்கு இன்டர்வியூ, பகல் வேலைதான். நைட் ஷிப்ட்டை விட்டவன் வீட்டில் சும்மாதானே கிடக்கிறான் என்று நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

நாலு மணிக்குப் பாப்பாவுக்கு நீச்சல் வகுப்பு. வேறு ஆள் இல்லாததால் உன்னை அனுப்புகிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீ பிள்ளையையே விட்டவன். "தள்ளிவிட்டா தானா நீந்திடும்" என்று நீ அவளைக் குளத்தில் தள்ளிய நாளிலிருந்து, தலையில் தண்ணீர் பட்டாலே அலறினாள். அதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து வாரம் ஆனது. குளிக்கும்போது முதலில் அவள் என் தலையில் ஒரு மக் ஊற்றுவாள், பிறகுதான் நான் அவள் தலையில். இப்போது நீச்சல் குளத்தின் முதல் படியில் உட்கார்ந்து முகத்தை நனைக்கிறாள். இன்றைக்கு இரண்டாவது படி என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். நீ வாயைத் திறக்காதே.

துண்டு, கண்ணாடி எல்லாம் நீலப் பையில்.

பி.கு.: உன்னை அனுப்ப எனக்கு இஷ்டமே இல்லை. நேற்று அவளிடமே கேட்டேன். "மாமா வரட்டும்ப்பா. ஆனா ஷூவைக் கழட்டக் கூடாது. ஷூவோட யாரும் தண்ணிக்குள்ள வர மாட்டாங்க இல்ல?" என்றாள். கிளம்பும்போது நாடாவை அவளே முடிச்சுப் போடுவாளாம், ரெண்டு முடிச்சு.

பேசாமல் காலை நீட்டு.